61,530க்குப் பிறகு எழுதப்படாத மைல்கள்

என்னுடைய 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரின் மைல் மீற்றரில் நின்ற எண்களுள் ஏழு ஆண்டுகளாக அரசாங்கப் பதிவில் கடைசியாக நின்ற எண் 61,530. 2018 பெப்ரவரியில், எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கராஜ் ஒன்றில், எம்.ஓ.டி. எனப்படும் கட்டாய ஆண்டு வாகனப் பரிசோதனையின்போது பரிசோதகர் அதைக் கணினியில் பதிந்தார். அதே ஆண்டு மே 20ஆம் திகதி முதல், 40 வயதைக் கடந்த, கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை என்ற விதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. வரியிலிருந்து ஏற்கெனவே விலக்குப் பெற்றிருந்த காருக்கு இதுவும் கிடைத்ததில் நான் மகிழ்ந்தேன். ஆண்டுக்கு ஒரு நாள் மிச்சம், ஐம்பது பவுண்டுக்கு மேல் மிச்சம் என்று மட்டுமே நினைத்தேன். ஆண்டுதோறும் ஒரு மூன்றாம் மனிதர் என் காரின் மைலைப் பார்த்து எழுதி வைத்த வழக்கமும் அன்றோடு நின்றுவிட்டது என்பது எனக்கு உறைக்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்றன.

உறைத்த நாள் 2024 டிசெம்பர் 7, டாரா புயல் வீசிய சனிக்கிழமை. அடுத்த வளவின் எல்லையோரம் நின்ற மரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து, நிறுத்தி வைத்திருந்த காரின் கூரையில் விழுந்தது. கூரை உள்வாங்கியது, முன்கண்ணாடி நொறுங்கியது, பொனற் வளைந்தது. பழுதுபார்க்க 4,200 பவுண்ட் என்று மதிப்பிட்டார்கள். நான் தெரிவித்திருந்த ஆண்டு மைல் தவறு என்று சொல்லிக் காப்புறுதி நிறுவனம் கணக்கில் எடுத்தது 3,500 பவுண்ட். இடையிலுள்ள 700 பவுண்டைப் பற்றித்தான் இத்தனை மாதங்களாக என் மனம் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருக்கிறது. பணம் போனது வருத்தம்தான். ஆனால் அதைவிட, அந்தக் குறைப்பு நியாயமா இல்லையா என்பதை எனக்கே ஒரு முடிவாகச் சொல்ல இயலாதிருந்தது பெரிய வருத்தம். நண்பர்களிற் சிலர், நிறுத்தியிருந்த காரின் மீது மரம் விழுந்ததற்கும் கார் எத்தனை மைல் ஓடியது என்பதற்கும் என்ன தொடர்பு என்று கோபப்பட்டார்கள். வேறு சிலர், கையெழுத்து வைத்தால் வைத்ததுதான் என்றார்கள். இரு பேச்சும் எனக்கு முழுமையாகப் படவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காப்புறுதியின் அடிப்படை தெரியும். வீட்டில் அன்றாடத் தேவைக்கு வேறொரு கார் இருக்க வேண்டும். பழைய கார் ஆண்டுக்கு 1,500, 3,000, 5,000 என்று நாம் தெரிவுசெய்த மைல் எல்லைக்குள் ஓட வேண்டும். குறைவாக ஓடும் கார் குறைவாகவே விபத்தைச் சந்திக்கும் என்ற கணக்கில்தான் கட்டுப்பணம் அவ்வளவு மலிவாகிறது. 3,000 மைல் எல்லைக்கு நான் ஆண்டுக்குக் கட்டியது 140 பவுண்ட். என் புதிய காருக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. அந்த மலிவு எனக்குத் தரப்பட்ட சலுகையன்று, நான் கொடுத்த ஒரு வாக்குக்கான விலை என்பதை நான் ஒருபோதும் நின்று யோசித்ததில்லை.

வாரத்துக்குத் தொண்ணூறு மைல்

அந்த வாக்கை நான் எப்படி மீறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி, யூலெஸ் எனப்படும், புகை கூடிய வாகனங்களுக்கு நாட்கட்டணம் அறவிடும் மீக்குறை உமிழ்வு வலயம் லண்டனின் எல்லா மாநகரப் பிரிவுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நாங்கள் வசிக்கும் ஹரோவும் உள்ளே வந்தது. எங்கள் அன்றாடக் கார் 2012ஆம் ஆண்டின் டீசல் கார். அதை எடுத்து வீதியில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். வரலாற்று வாகனம் என்ற வரி வகுப்பில் பதிவான மொறிஸ் மைனருக்கோ கட்டணமே இல்லை. அதே மாதங்களில்தான் ஸ்லவ்வில் இருக்கும் என் அக்காவுக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு தொடங்கியது. கிழமைக்கு மூன்று நாள். அத்தான் காலமாகிவிட்டார், மருமகனுக்கு வேலை. நான் ஓய்வு பெற்றவன். ஹரோவிலிருந்து ஸ்லவ்வுக்குப் போய்வர ஏறத்தாழ 30 மைல். டீசல் காரில் போனால் வலயக் கட்டணமே வாரத்துக்கு 37.50 பவுண்ட். மொறிஸ் மைனரில் போனால் எரிபொருட் செலவோடு முடிந்தது.

வாரத்துக்கு 90 மைல் என்பது மனத்தில் பதியும் தூரமன்று. ஏ40 வீதியில் காலைப் பனியில் அந்தச் சிறிய கார் சீராக ஓடும்போது, நான் ஓர் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் வருவதற்கு இடமே இல்லை. ஆனால் செப்டெம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை 30 வாரங்கள். 2,700 மைல். அதற்கு முன்னைய ஆண்டுகளில் அந்தக் கார் முழு ஆண்டுக்கே 1,800 மைல் அளவில்தான் ஓடியிருந்தது. என் தலைக்குள் நான் இன்னும் அந்த 1,800 மைல்காரனாகவே இருந்தேன்.

இதற்கு வளர்ப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை வாடகைக்கு ஓடினார். 1990க்குப் பிந்தைய பொருளாதாரத் தடைக் காலத்தில், காபுரேற்றருக்குள் சிறிது பெற்றோலை விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. அதன் மைல் மீற்றர் நான் அறிந்த காலமெல்லாம் ஓடியதில்லை. ஓட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பருத்தித்துறைக்கு இவ்வளவு, நெல்லியடிக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஊர் கூலி இருந்தது. தூரம் ஊரின் பெயருக்குள் அடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் அளவைத் துளி பிசகாமல் அறிந்திருந்த அப்பாவுக்கு, கார் எத்தனை மைல் ஓடியது என்பது எவரும் கேட்காத கேள்வி. நானும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே வளர்ந்தவன்.

இரண்டு எண்கள், இரண்டு திகதிகள்

மதிப்பீட்டாளர் வந்து முதலில் படமெடுத்தது கூரையை அல்ல, மைல் மீற்றரை. 78,412. ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. நடப்புக் காப்புறுதி தொடங்கிய 2024 மே 1ஆம் திகதியிலும் அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலும் மீற்றர் என்ன காட்டியது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை. மொறிஸ் மைனரின் மீற்றரில் ஐந்து இலக்கங்கள் மட்டுமே உண்டு. 99,999ஐத் தாண்டினால் மறுபடியும் பூச்சியத்துக்கு வந்துவிடும். இந்தக் கார் 78 ஆயிரம் மைல் ஓடியதா, ஒரு லட்சத்து 78 ஆயிரம் மைல் ஓடியதா என்பதையே எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் காப்புறுதிக்கு வேண்டியது மொத்தமன்று, வித்தியாசம். வித்தியாசத்துக்கு இரண்டு எண்கள் வேண்டும், இரண்டுக்கும் திகதி வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரே எண், புயலுக்கு அடுத்த வாரம் எடுத்தது.

எம்.ஓ.டி. வரலாற்றை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். 2018 பெப்ரவரியில் 61,530. அங்கிருந்து 78,412 வரை 16,882 மைல். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2,470 மைல். எல்லைக்குள்தான்! அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன் என்பதை இங்கே எழுதுவதற்குத் தயங்கினாலும் எழுதியே ஆக வேண்டும். மறுநாள், கூரையை நிமிர்த்தக்கூடிய ஆளைத் தேடிப் பழைய கராஜ் சிட்டைகளைப் புரட்டியபோது இரண்டு கடதாசிகள் அகப்பட்டன. 2023 மே 9ஆம் திகதி எண்ணெய் மாற்றியபோது கராஜ்காரர் ஓரத்தில் எழுதிய எண் 70,880. 2024 மார்ச் கடைசியில் பிரேக் வேலைக்குக் கொடுத்தபோது எழுதியது 75,190. ஏறத்தாழப் பத்தரை மாதங்களில் 4,310 மைல். அதற்குப் பிறகு புயல்வரை, ஒன்பது மாதங்களும் நிறையாத காலத்தில், இன்னொரு 3,222 மைல்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். நெடுநாள் நண்பர், என் மீது உண்மையான அக்கறை உள்ளவர். “சிட்டையைக் குடுக்காதையும். அவங்களிட்டை எம்.ஓ.டி. கணக்கைத் தவிர வேறை ஒண்டும் இல்லை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அரசாங்கப் பதிவு எனக்குச் சாதகமாக நின்றது. எனக்கு எதிரான சாட்சி என் மேசை லாச்சிக்குள் மட்டுமே இருந்தது.

52.8 அடி

அந்த இரண்டு சிட்டைகளையும் கொடுப்பதற்கு முன்னர் நான் ஒரு வழியைத் தேடினேன். மீற்றர் கூடுதலாகக் காட்டுகிறது என்று நிறுவ முடிந்தால் 4,310 என்பது உண்மையில் 3,000ஐ அண்டி வரக்கூடும் என்று ஓர் ஆசை. பழைய கார்களில் இது வெறும் சாக்கன்று. கியர்பொக்ஸின் பின்புறத்திலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டு வந்து வேகமானியை இயக்குகிறது. ஒரு மைலுக்கு அந்தக் கேபிள் எத்தனை முறை சுற்றும் என்பது பின் அச்சின் பல்விகிதத்தையும் ரயரின் சுற்றளவையும் பொறுத்தது. அதனாற்றான் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழைய வேகமானிகளின் முகப்பில், கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் சிறிய எழுத்தில், மைலுக்கு இத்தனை சுற்று என்ற எண்ணை அச்சிட்டிருப்பார்கள். ரயரையோ, பின் அச்சின் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்சலையோ மாற்றினால் அந்த எண் பொய்த்துவிடும்.

சரிபார்க்கும் முறை எளிது. ஒரு மைல் 5,280 அடி. அதில் நூறில் ஒரு பங்கு 52.8 அடி. வேகமானியின் பின்புறத்திலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் உட்கம்பியின் நுனியில் ஒரு கடதாசி அம்பைச் செருகி, கியரை நடுநிலையில் விட்டுக் காரை 52.8 அடி தள்ள வேண்டும். அம்பு எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி 100ஆல் பெருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். வீதியில் அளவுநாடா வைத்துச் சோக்கினால் இரண்டு கோடுகள் போட்டோம். கூரை நசுங்கிய காரை அவன் பின்னாலிருந்து தள்ள, நான் உள்ளே குனிந்திருந்து எண்ணினேன். முகப்பிலுள்ள எண்ணில் நூறில் ஒரு பங்கை எட்ட ஏறத்தாழ ஒரு சுற்றுக் குறைந்தது. மறுபடி தள்ளினோம். மூன்று முறையும் அதேதான். “என்ன மாமா, கூடக் காட்டுதோ?” என்று கேட்டான். இல்லை, குறையக் காட்டுகிறது.

காரணம் எனக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். 1961இல் இந்தக் கார் 948 சிசி எஞ்சினோடு, 4.55 விகித டிஃபரன்சலோடு வெளிவந்தது. எனக்கு முந்தைய உரிமையாளர், பலரும் செய்வதுபோல, 1962க்குப் பிந்தைய மைனரின் 1098 சிசி எஞ்சினையும் 4.22 விகித டிஃபரன்சலையும் பொருத்தியிருந்தார். அதை நான் காப்புறுதிக்கு முதல் நாளே அறிவித்திருந்தேன். ஆனால் வேகமானியை எவரும் மாற்றவில்லை. 4.55ஐ 4.22ஆல் வகுத்தால் 1.078. அதாவது மீற்றர் 1,000 மைல் என்று காட்டும்போது கார் 1,078 மைல் ஓடியிருக்கிறது. என் 4,310 உண்மையில் 4,650ஐ அண்டியது. என்னை விடுவிக்கும் என்று நம்பித் தள்ளிய 52.8 அடி என் கணக்கில் 340 மைலைச் சேர்த்தது.

அந்த மாலையில் நெடுநேரம் காருக்குள் இருந்தேன். நண்பர் சொன்ன வழி அப்போதும் திறந்தே இருந்தது. ஆனால், அதுவரை நான் ஓர் அறியாமைக்குள் இருந்தேன், இனி அந்த இடம் எனக்கு இல்லை என்பது மட்டும் விளங்கியது. தெரியாமல் எல்லை கடந்தவன் வேறு, கோட்டுக்குக் கோடு அளந்து தெரிந்துகொண்ட பிறகு லாச்சியைப் பூட்டுகிறவன் வேறு. திங்கட்கிழமை இரண்டு சிட்டைகளையும், மீற்றர் 7 சதவீதத்துக்கு மேல் குறையக் காட்டுகிறது என்ற அளவையும் சேர்த்து அனுப்பினேன்.

மௌனமும் ஒரு கூற்று

மூன்று வாரங்களின் பின் வந்த முடிவு இதுதான். 2024 ஏப்ரலில் புதுப்பித்தபோது நான் ஆண்டு மைலைத் தவறாகத் தெரிவித்திருக்கிறேன். அது கவனயீனத்தால் நேர்ந்ததேயன்றி ஏமாற்றும் நோக்கத்தோடு அல்ல என்று ஏற்கிறார்கள். சரியாகத் தெரிவித்திருந்தால் 5,000 மைல் எல்லைக்கு 168 பவுண்ட் கேட்டிருப்பார்கள். நான் கட்டியது 140. ஆகவே 168க்கு 140 என்ற அதே விகிதத்தில், 4,200க்கு 3,500. அதில் நானே ஏற்க வேண்டிய வழக்கமான தொகையும் கழியும்.

என் முதல் எதிர்வினை, நான் எதையும் தெரிவிக்கவே இல்லையே என்பது. புதுப்பித்தற் கடிதம் வந்தது, “உங்கள் ஆண்டு மைல் 3,000, விபரங்களைச் சரிபார்த்து மாற்றமிருந்தால் அறிவிக்கவும்” என்று இருந்தது, நான் பேசாமல் இருந்தேன், பணம் வங்கியிலிருந்து தானாகக் கழிந்தது. பேசாதிருந்தது எப்படித் தவறான கூற்றாகும்? 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தை வாசித்தபோது விடை இரண்டாம் பிரிவிலேயே இருந்தது. முன்னர் கொடுத்த விபரங்களை உறுதிப்படுத்தவோ திருத்தவோ நிறுவனம் கேட்டு, நுகர்வோர் அதற்கு இணங்கத் தவறினால், அந்தத் தவறுகையே தவறான கூற்றாகக் கொள்ளப்படக்கூடும். விகிதாசாரக் குறைப்பும் அதே சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள கணக்குத்தான். வேண்டுமென்றோ, உண்மை பொய்யைப் பொருட்படுத்தாமலோ சொன்னதாக நிறுவியிருந்தால் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கி ஒரு சதமும் தராமல் விட்டிருக்கலாம்.

மரம் விழுந்ததற்கும் மைலுக்கும் என்ன தொடர்பு என்ற நண்பர்களின் கேள்வி வெற்றுக் கேள்வியன்று. 2015ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஏறத்தாழ அதைத்தான் கேட்கிறது: மீறப்பட்ட நிபந்தனை, நேர்ந்த இழப்பின் ஆபத்தை அந்தச் சூழ்நிலையில் கூட்டியிருக்க முடியாது என்றால், அந்த மீறலைக் காட்டி நிறுவனம் தப்ப முடியாது. பூட்டு இல்லை என்று சொல்லி வெள்ளச் சேதத்தை மறுக்கக் கூடாது என்பதுபோல. ஆனால் ஒப்பந்தம் வரையறுக்கும் ஆபத்து முழுவதையும் பற்றிய நிபந்தனைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அதைவிட முக்கியம், என் விடயத்தில் அவர்கள் பிடித்தது ஆண்டின் நடுவில் எல்லையைக் கடந்ததை அல்ல. ஆண்டு தொடங்குமுன், கடந்து முடிந்த ஓர் உண்மையை நான் பார்க்காமல் விட்டதை. வருங்காலத்தைப் பற்றிய நேர்மையான ஊகம் பொய்த்தால் அது பொய்யாகாது. ஆனால் 2024 ஏப்ரலில் என் கார் முந்தைய ஆண்டு ஓடிய தூரம் ஊகமல்ல. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

2012ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தின் பக்கமும் ஒரு கடமையை வைக்கிறது. நுகர்வோர் போதிய கவனம் எடுத்தாரா என்று பார்க்கும்போது, கேள்வி எவ்வளவு தெளிவாகவும் குறிப்பாகவும் கேட்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். “மாற்றமிருந்தால் அறிவிக்கவும்” என்ற பக்க ஓரத்து வரி தெளிவான கேள்வி என்று நான் இன்றும் ஏற்கவில்லை. “இன்று உங்கள் மீற்றர் என்ன காட்டுகிறது?” என்று ஒரு பெட்டியை வெறுமையாக விட்டிருந்தால், அதை நிரப்ப நான் கராஜுக்குப் போயிருப்பேன், போயிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், 28 பவுண்டோடு எல்லாம் முடிந்திருக்கும். இதை நான் அவர்களுக்கு எழுதினேன். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வந்தது, முடிவில் மாற்றமில்லை என்று. நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிசார் ஒம்புட்ஸ்மனிடம் போக ஆறு மாதம் அவகாசம் இருந்தது. போகவில்லை. கேள்வி மோசமானது என்பதும் என் பதில் தவறானது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எழுதுவது

கூரை சரியாகி, கார் ஏப்ரலில் வீடு வந்தது. முன்பக்கப் பெட்டிக்குள் இப்போது ஒரு கொப்பி கிடக்கிறது. முதற் பக்கத்தில் 1.078 என்ற பெருக்கமும், அது எப்படி வந்தது என்ற விளக்கமும். பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் திகதி, மீற்றர் எண். தூரப் பயணமானால் போன இடம். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது ஒன்று: காப்புறுதி ஆண்டு தொடங்கும் மே 1ஆம் திகதி காலையில் மீற்றரைப் படமெடுப்பது. ஜனவரியில் தொடங்கும் ஆண்டு என் தலைக்குள் உள்ள ஆண்டு. ஒப்பந்தத்தின் ஆண்டு அதுவல்ல. 2,000 மைலைத் தொடும்போது எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்று பார்ப்பேன். எல்லையைக் கடக்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் உயர்த்திக்கொள்ளலாம் என்பது எப்போதும் அங்கேயே இருந்த வசதி. எந்த எண்ணில் நிற்கிறேன் என்று தெரியாதவனுக்கு அது உதவாது.

இன்னொன்றும் செய்தேன். சட்டம் கேட்காவிட்டாலும் காரை மறுபடியும் எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோனேன். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்ட். பிரேக்கையும் அச்சையும் இன்னொரு கண் பார்ப்பது நல்லதுதான். நான் போனது அந்த எண்ணுக்காக. என் கொப்பியை நான் எழுதுகிறேன். நான் எழுதாத ஒரு வரியும் ஆண்டுக்கு ஒருமுறை இருக்க வேண்டும் என்று தோன்றியது. இணையத்தில் இப்போது 61,530க்குக் கீழே, ஏழு ஆண்டு வெறுமையைத் தாண்டி, 78,466 இருக்கிறது.

டீசல் கார் போய்விட்டது. ஸ்லவ்வுக்குப் போக ஒரு சிறிய பெற்றோல் கார் இருக்கிறது. ஆனால் சுத்திகரிப்பு இல்லாத சில ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மொறிஸில் ஏறத்தான் ஆசைப்படுவார். அப்பாவின் காரின் இருக்கை மணம் இதிலும் இருக்கிறதாம். போன ஞாயிறு வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான் கொப்பியை எடுத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னே சாய்ந்து, “தம்பி, எழுது” என்று ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார்: ஏழு, ஒன்பது, பூச்சியம், மூன்று, எட்டு.